பண்ருட்டி, பாகூர் பக்கம் தோட்ட வீட்டில் நான்கு நாள்: நிஜப் பண்ணை எது, வேஷம் எது?

லாஸ்பேட்டை மல்லி:

வணக்கம். மே கடைசியில் தம்பி குடும்பம் தாம்பரத்திலிருந்து வருகிறது. அவன், அவன் மனைவி, ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பையன்கள். இங்கே புதுச்சேரியில் நான், வீட்டுக்காரர், ஒன்பதாவது முடித்த மகள், முட்டிவலி மாமியார். ஆக எட்டுப் பேர். போன வருடம் பாரடைஸ் பீச், சுண்ணாம்பாறு போட், ஒயிட் டவுனில் ஐஸ்கிரீம் என்று மூன்று நாள் அலைந்ததில், வீட்டுக்கு வந்து காரைச் சுத்தம் செய்தபோது ஒரு சாக்கு நிறைய தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் கவரும் வந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த தடவை இப்படி வேண்டாம் என்று.

அப்புறம் பிப்ரவரியில் ஒரு 'பண்ணை வீட்டுக்கு'ப் போனோம். பெயர் சொல்லவில்லை. படத்தில் மண் வீடு. நேரில் போனால் சிமெண்ட் சுவரில் மண் கலர் பெயிண்ட். ஒரே ஒரு பசு, அதுவும் போட்டோவுக்கு. காய்கறி எல்லாம் காலையில் வேனில் வந்து இறங்குகிறது. பாத்ரூமில் ஆளுக்கு நான்கு ஷாம்பு பாக்கெட். மகள் கேட்டாள், "அம்மா, இங்க விவசாயம் எங்க நடக்குது?" பதில் சொல்ல முடியவில்லை.

நிஜமாகவே பயிர் செய்கிற குடும்பம், இரண்டு அறை, வீட்டுச் சாப்பாடு, குப்பை போடாமல் நான்கு நாள். பண்ருட்டிப் பக்கமோ பாகூர்ப் பக்கமோ. ஏசி இல்லாவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை (வீட்டுக்காரர் கருத்து வேறு). மாமியாருக்கு மட்டும் உட்காரும் கழிவறை வேண்டும். யாராவது போய் வந்திருக்கிறீர்களா?

முதுநகர்க்காரன்:

மே மாதம், பண்ருட்டி, ஏசி இல்லாமல். அக்கா, கத்திரி வெயில் என்று ஒன்று இருக்கிறது தெரியுமா? நான் பிறந்து வளர்ந்தது கடலூர், எனக்கே மே மாதம் முந்திரிக் காட்டுப் பக்கம் போனால் தலை சுற்றும். கடற்கரையிலாவது மதியத்துக்கு மேல் காற்று திரும்பும், உள்ளே தள்ளிப் போகப்போக அது வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். தையில் போங்கள். சம்பா அறுப்பு, கரும்பு, பனி, பெருமாள் ஏரியிலும் ஊசுட்டேரியிலும் பறவை. மே மாதம் என்ன இருக்கிறது அங்கே?

செம்மண் கொல்லை:

என்ன இருக்கிறதா? பலா இருக்கிறது தம்பி. முதுநகரில் உட்கார்ந்துகொண்டு பலாவை மறந்துவிட்டீர்களே.

நான் பண்ருட்டிக்குத் தெற்கே, செம்மண் பூமி. முந்திரி நாலு ஏக்கர், நடுநடுவே பலா, வீட்டை ஒட்டி வாழையும் கத்தரியும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரை ஏறினபோது எங்கள் தாத்தா வைத்த பலா பூரா வேரோடு படுத்தது. இப்போது நிற்பதெல்லாம் அதற்கப்புறம் வைத்தது. ஒட்டுக் கன்று முந்திரி மூன்று வருடத்தில் காய்க்க ஆரம்பித்துவிடும், விதைப் பலா ஏழெட்டு வருடம் காக்க வைக்கும். அந்த இடைப்பட்ட வருடங்களில்தான் எங்கள் ஊரில் இரண்டு மூன்று பேர் வீட்டில் விருந்தாளிகளைத் தங்க வைக்க ஆரம்பித்தார்கள். ஆசைக்கு இல்லை, வட்டி கட்ட.

அதனால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். வருகிறவர்கள் 'இயற்கை இயற்கை' என்று வருகிறார்கள், வந்த முதல் மணி நேரத்தில் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார்கள். அது கூடப் பரவாயில்லை. சொட்டுநீர்க் குழாயைப் பிள்ளைகள் மிதித்து இழுத்துவிடுகிறார்கள், மாட்டுக்கு பிஸ்கட்டைக் கவரோடு நீட்டுகிறார்கள், களை எடுக்கிற பெண்கள் குனிந்து நிற்கும்போது பின்னாலிருந்து போட்டோ எடுக்கிறார்கள். ஒரு அம்மா என் சித்தியிடம் "இன்னொரு தடவை நாற்றைத் தூக்கிக் காட்டுங்க" என்று கேட்டது. சித்தி நாற்றைச் சேற்றில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

நிஜப் பண்ணையா என்று தெரிய ஒரே வழிதான். போனில் கேளுங்கள்: "இப்ப கொல்லையில என்ன நிக்குது?" விவசாயி என்றால் பத்து நிமிஷம் பேசுவான். வேஷம் என்றால் "எல்லாமே இருக்கு சார்" என்பான்.

கணக்குப்பிள்ளை:

வில்லியனூர். கூட்டத்துக்குக் கொஞ்சம் கசப்பு மருந்து.

தம்பி குடும்பம் காரில் வந்தால் போக வர 320 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 ஓடினால் 21 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 49 கிலோ. மூங்கில் பிரஷ், துணிப்பை, மண் பானை எல்லாம் சேர்ந்தாலும் நான்கு நாளில் இதற்குக் கிட்டே வராது. எழும்பூரிலிருந்து மெயின் லைன் (விழுப்புரம், கடலூர் வழி) வண்டி தாம்பரத்தில் நின்றுதான் வருகிறது, பண்ருட்டியில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறச் சொல்லுங்கள். அவசரத்தில் கார்டு லைன் (விழுப்புரத்தில் பிரிந்து விருத்தாசலம் வழி போவது) வண்டியில் ஏறினால் விழுப்புரத்திலேயே இறங்கி பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான்.

ஏசி? ஒன்றரை டன் ஏசி எட்டு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட பத்து யூனிட். இரண்டு அறை, மூன்று இரவு, 60 யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று போட்டால் 42 கிலோ. அதாவது ரயிலில் வந்து மிச்சம் பிடித்ததை ஏசி போட்டுக் காலி செய்துவிடலாம். மல்லி அக்கா வீட்டுக்காரரிடம் இதைக் காட்டவும், என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

நீச்சல் குளம் இருக்கிற பண்ணை வீடு என்றால் நான் உள்ளேயே போக மாட்டேன். 20க்கு 10 அடி, நான்கடி ஆழம், சின்னக் குளம்தான். ஒரு தடவை நிரப்ப 22,000 லிட்டருக்கு மேல். கோடையில். பக்கத்துக் கொல்லைக்காரன் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது.

இன்னொன்று கேட்டுப் பாருங்கள், அறைகளுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று. தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம், அதிலிருந்தே ஒயர் இழுத்து விருந்தாளி அறைக்கு ஏசி ஓட்டினால் அதற்குப் பெயர் பசுமைச் சுற்றுலா இல்லை, திருட்டு.

முதுநகர்க்காரன்:

யோவ் கணக்கு, ஊருக்குப் போகிறவர்களை இப்படி மிரட்டினால் எல்லாரும் வீட்டிலேயே ஏசி போட்டுப் படுத்துவிடுவார்கள். அதற்கும் கணக்குப் போடு.

கணக்குப்பிள்ளை:

போட்டேன். வீட்டில் ஒரு அறையில் எட்டுப் பேர் படுத்தால் லாபம்.

லாஸ்பேட்டை மல்லி:

எங்கள் வீட்டு மாமியாருடன் ஒரே அறையில் எட்டுப் பேரா. வேறு யோசனை சொல்லுங்கள்.

சரி, இயற்கை விவசாயம் என்று சொல்லும் இடமாகவே பார்க்கவா? சான்றிதழ் எல்லாம் இருக்கிறதாமே.

ஜீவாமிர்தம்:

சான்றிதழ் இருக்கிறது. பத்துப் பதினைந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் கொல்லையை ஒருவர் பார்த்துக் கொடுக்கும் பங்கேற்பு உத்தரவாத முறை ஒன்று. ஏற்றுமதிக்குத் தகுந்தாற்போல் மூன்றாம் ஆள் வந்து பார்க்கும் சான்று இன்னொன்று, அதற்கு ரசாயனத்தை விட்டு மாறுகிற காலம் நெல் மாதிரி பருவப் பயிருக்கு இரண்டு வருடம், மரப்பயிருக்கு மூன்று வருடம். ஆனால் காகிதம் இல்லாமலே இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் ஐயா பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தியவர்கள் பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் இருக்கிறார்கள். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழைவிட ஜீவாமிர்தப் பீப்பாயை, அதாவது சாணிக் கரைசல் உரத்தை, காட்டச் சொல்லுங்கள். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணி, கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண். இரண்டு நாள் ஊறினால் வாசனையிலேயே தெரியும். பிள்ளைகளுக்குக் கலக்கிவிடுகிற வேலை கொடுங்கள், வலது பக்கமாகவே சுற்றணும் என்று சொல்லுவார்கள், ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம்.

செம்மண் கொல்லை:

நான் மறைக்கவில்லை, எங்கள் முந்திரிக்கு மருந்து அடிக்கிறோம். தையிலிருந்து பூ எடுக்கிற நேரத்தில் தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி இறங்கினால் பூவெல்லாம் கருகிவிடும், வேப்பெண்ணெயை வைத்துப் பார்த்தேன், ஒரு வருடம் பாதிக் காய்தான் வந்தது. அந்த நேரத்தில் குழந்தைகளோடு யாராவது கேட்டால் வர வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். முந்திரித் தோப்புக்குள் பொங்கல் லீவுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொண்டு போங்கள். முதுநகர்த் தம்பி தை தை என்றாரே, அதற்குத்தான் சொல்கிறேன். நெல் பக்கம் என்றால் தை சரி.

ஜீவாமிர்தம்:

வேப்பெண்ணெய் மட்டும் போதாது அண்ணா, அதற்கு...

செம்மண் கொல்லை:

தெரியும் தம்பி, அதற்குத் தனி இழை போடுங்கள், அங்கே சண்டை போடுவோம். இங்கே அக்கா ஊருக்குக் கிளம்பட்டும்.

நைட் டியூட்டி:

செவிலியர், புதுச்சேரி. பயமுறுத்தச் சொல்லவில்லை, தோட்ட வீட்டில் தங்குகிறவர்கள் ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். கோடையில் வெளியே பாய் போட்டுப் படுப்பது சுகம்தான். ஆனால் தரையில் படுக்காதீர்கள், கயிற்றுக் கட்டில் கேளுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், கடித்தால் பெரிதாக வலிக்காது, வீக்கமும் இருக்காது, விடியற்காலை வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியவில்லை என்று வருவார்கள், அதற்குள் நேரம் போயிருக்கும். கொசுவலையை மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகிக்கொண்டால் கொசுவுக்கும் ஆச்சு, இதற்கும் ஆச்சு. இருட்டில் டார்ச், காலில் செருப்பு. கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், 108 கூப்பிடுங்கள், அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ நேராக. மந்திரிக்கப் போய் ஒரு மணி நேரம் தொலைக்க வேண்டாம்.

இன்னொன்று, பச்சை முந்திரிக்கொட்டை. ஓட்டில் இருக்கிற பால் பட்டால் தோல் வெந்துவிடும். பையன்கள் பல்லால் கடிக்கத்தான் பார்ப்பார்கள். சொல்லி வையுங்கள்.

முதுநகர்க்காரன்:

பாம்பு, வெயில், திருட்டுக் கரண்ட், தேயிலைக் கொசு, கொட்டைப் பால். மல்லி அக்கா இன்னும் இருக்கிறீர்களா?

லாஸ்பேட்டை மல்லி:

இருக்கிறேன். பாகூர்ப் பக்கம் ஒரு இடம் கேட்டேன், ஏரிக்குப் பக்கத்தில், நல்ல மனிதர்கள், ஆனால் உட்காரும் கழிவறை இல்லை. (அந்த ரோட்டில் போய் வருவதற்குள் புதுச்சேரி, தமிழ்நாடு, புதுச்சேரி, தமிழ்நாடு என்று எல்லைப் பலகை வந்துகொண்டே இருக்கிறது. தம்பி பையனுக்கு அதுவே விளையாட்டாகியிருக்கும்.) செம்மண் அண்ணா தனிச் செய்தியில் ஒரு வீடு சொன்னார். "கொல்லையில என்ன நிக்குது" என்று கேட்டேன். அந்த அம்மா பதினைந்து நிமிஷம் பேசியது, அதில் பத்து நிமிஷம் மயில் மல்லாட்டையை (வேர்க்கடலை) கிண்டித் தின்றுவிட்டதைப் பற்றி. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வந்து எழுதுகிறேன்.

லாஸ்பேட்டை மல்லி (மூன்று வாரம் கழித்து):

போய் வந்தாச்சு. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி முதலில் காரில்தான் வருவேன் என்றான். கணக்குப்பிள்ளை சொன்னதை அப்படியே அனுப்பினேன். "யாருக்கா இந்த ஆளு" என்று திட்டிவிட்டு ரயிலில் வந்தான். பண்ருட்டியில் இறங்கி, நாங்கள் கடலூர் வழியாக பஸ்ஸில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர், ஐந்து பை, மாமியாரின் பிளாஸ்டிக் கமோடு நாற்காலி (அங்கே கழிவறை இருந்தது, ஆனாலும் அவங்களுக்கு நம்பிக்கை இல்லை).

வீடு நாட்டு ஓடு போட்டது, சுவர் கனம், திண்ணை. உள்ளே மதியம் ஒரு மணிக்குக் கூடத் தரை சில்லென்று இருந்தது. ஆனால் ராத்திரி அதே சுவர் பகல் சூட்டை விடும், அதனால்தான் அவர்கள் எல்லாரும் வாசலில் கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். முதல் நாள் வீட்டுக்காரர் கௌரவமாக உள்ளே படுத்தார். பதினொன்றரைக்குத் தலையணையோடு வெளியே வந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொசுவலையை நைட் டியூட்டி சொன்ன மாதிரி நானே எட்டுக் கட்டிலுக்கும் செருகினேன்.

குளியல் என்றால் பம்பு செட்டு. அதுவும் நாம் நினைத்த நேரத்துக்கு இல்லை, மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடுகிற நேரம்தான். பையன்கள் தொட்டியை விட்டு ஏறவே இல்லை. தம்பி மனைவி சோப்புப் பொடியோடு துணி மூட்டையைக் கொண்டுபோய்த் தொட்டியிலேயே முக்கப் போனாள், அந்த வீட்டு ஆயா ஓடி வந்தது. "அந்தத் தண்ணிதாம்மா கத்தரிக்குப் பாயுது, உன் நுரையை நான் குழம்பு வைக்கவா?" எங்களுக்கு அவமானமாக இருந்தது, ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் எல்லாரும் வாய்க்காலோடு நடந்து போய்ப் பார்த்தோம். அப்புறம் நான்கு நாளும் சோப்பு இல்லை, சீயக்காயும் பயத்தமாவும்தான். துணி துவைக்கிற கல் தனியாக, அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகிறது.

சாப்பாடு. பலாக்கொட்டையும் கருவாடும் போட்ட குழம்பு, காலையில் கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாய், பலாமூசு பொரியல். மாமியார் இருபது வருடமாக என் சமையலுக்குச் சொல்லாத வார்த்தையை அந்த அம்மாவிடம் சொன்னார். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு பலாப்பழத்தைப் பெரியவனும் தம்பியும் சேர்ந்துதான் தூக்கினார்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு மகளே வெட்டினாள். சின்னவன் சுளையை எண்ணுகிறேன் என்று 140 வரைக்கும் எண்ணினான், அதற்குள் எண்ணினதைத் தின்றுகொண்டே வந்ததால் கணக்கு தப்பிவிட்டது.

எல்லாம் இனிப்பில்லை. முதல் நாள் சாயங்காலம் சிக்னல் இல்லை என்று பெரியவன் அழுதான், பத்து வயதுப் பையன், நிஜமாகவே கண்ணீர். இரண்டாம் நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் மாட்டுக் கொட்டாய் ஓரம் புழுதியில் குழியானைக் குழி கண்டுபிடித்தான், அவ்வளவுதான், ஒரு எறும்பைப் பிடித்துப் போடுவதும் மண் தெறிப்பதைப் பார்ப்பதுமாக இரண்டு மணி நேரம் குப்புறப் படுத்துக் கிடந்தான். அதே பையன்தான், எத்தனை தடவை சொல்லியும் கேட்காமல், மரத்தடியில் கிடந்த கடைசிக் கொட்டை ஒன்றைக் கடித்து உதட்டில் கொப்புளம். டாக்டரிடம் காட்டினோம், ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. நைட் டியூட்டி, நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னதை அவன் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி கோடை மழை. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. கட்டிலை எல்லாம் திண்ணைக்கு இழுத்தோம், கரண்ட் போனது விடியும் வரை வரவில்லை. அந்த வீட்டு அப்பா மட்டும் டார்ச்சோடு வாசலிலேயே நின்று பலா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காற்றுக்கும் தானே புயல் ஞாபகம் வருமாம். நாங்கள் குளிருகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம், அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

குப்பைக் கணக்கு கேட்பீர்கள். கிளம்பும்போது ஒரு சின்னப் பை. மாத்திரை அட்டை, ஒரு கொசு மருந்து டியூப், சானிடரி நாப்கின், தம்பி ரயிலில் வாங்கின இரண்டு தண்ணீர் பாட்டில். அதை அங்கே எரிக்கவோ புதைக்கவோ விடாமல் லாஸ்பேட்டைக்கே கொண்டுவந்தேன். குடிக்க அவர்கள் காய்ச்சிய தண்ணீர்தான், சின்னவனுக்கு ஒரு நாள் வயிறு சரியில்லை, தண்ணீரா பலாப்பழமா என்று குடும்பத்தில் இன்னும் வழக்கு நடக்கிறது.

கணக்குப்பிள்ளை:

140 சுளை தின்றவனுக்கு வயிறு சரியில்லையென்றால் தண்ணீரைக் குற்றம் சொல்லக் கூடாது.

முதுநகர்க்காரன்:

பலாப் பழம் எத்தனை கொண்டுவந்தீர்கள், என்ன விலைக்குக் கொடுத்தார்கள்? இங்கே ரோட்டோரத்தில் சொல்கிற விலைக்குக் கேட்கவே பயமாக இருக்கிறது.

லாஸ்பேட்டை மல்லி:

பஸ்ஸில் ஏற்ற முடிந்தது ஒன்றுதான். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்று அந்த அம்மா ஒரே பிடிவாதம். அறைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிக்கொண்டது, பழத்துக்கு மட்டும் கூடாதாம். நான் காசை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் வந்தது, நல்ல திட்டு.

செம்மண் கொல்லை:

அந்தத் திட்டு எங்கள் கொல்லை வரைக்கும் கேட்டது அக்கா. தைக்கு வரட்டுமா என்று நீங்கள் கேட்டீர்களாம். பங்குனியில் வாங்க. மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைப்பதில்லை, எட்டுப் பேர் என்றால் ஒரு காணியை இரண்டு நாளில் முடித்துவிடலாம். குழியானைப் பையனையும் கூட்டி வாங்க.